முதல் கேள்வி ஆயாவுக்கு

குன்றுகளும் ஏரிகளும் நிறைந்த செங்கற்பட்டுச் சீமையில் திருமணி என்றோர் ஊர் இருக்கிறது. குஷ்டம் என்ற சொல்லை வாயால் உச்சரிக்கவே ஜனங்கள் கூசிய காலத்தில், அந்த வியாதி கண்டவரைச் சொந்த மக்களே ஊருக்கு வெளியே குடிசை போட்டு ஒதுக்கிவைத்த காலத்தில், லேடி வில்லிங்டன் பெயர் தாங்கிய சானடோரியம் ஒன்று, ஸ்காட்லாந்து மிஷனாரிமாரின் பராமரிப்பில், 1920களில் அங்கே உண்டாயிற்று. ராபர்ட் காக்ரேன் என்ற வைத்தியர் 1930களின் நடுவில் அதன் பொறுப்பை ஏற்றபோது, நீரடிமுத்து எண்ணெயை ஊசியால் ஏற்றுவதைவிட மேலான சிகிச்சை உலகத்தில் எங்குமே இல்லை. 1940களில் சல்போன் வகை மருந்துகள் வந்தபோது அவற்றை இந்தியாவில் ஆரம்பத்திலேயே கையாண்டவர்களில் அவரும் ஒருவர். அவருடைய அழைப்பின்பேரில் 1947-இல் வேலூரிலிருந்து வந்த பால் பிராண்டு என்ற இளம் அறுவை வைத்தியர், விரல்கள் மடங்கிப்போன நோயாளி ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னபோது, செத்துப்போனதென்று எல்லாரும் தள்ளிவைத்திருந்த அந்தக் கை அவரே வலி தாங்காத அளவுக்கு இறுகிப் பிடித்ததும், அந்தப் பிடியிலிருந்தே தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கும் அறுவை முறைகள் பிற்பாடு வேலூரில் பிறந்ததும் வைத்திய சரித்திரத்தில் இடம்பெற்ற செய்திகள். 1955-இல் இந்திய அரசாங்கம் அந்தச் சானடோரியத்தை ஏற்று மத்தியத் தொழுநோய்ப் போதனை, ஆராய்ச்சி நிலையமாக ஆக்கிற்று.

எழுபதுகளின் தொடக்கத்தில், செவிலியர் பயிற்சி மாணவிகளாகிய எங்களை அந்த நிலையத்தைப் பார்த்துவர அழைத்துச் சென்றார்கள். மருந்துகளையும் ஆராய்ச்சிக் கூடத்தையும் பற்றி அன்று சொன்னவற்றில் பெரும்பகுதி எனக்கு மறந்துவிட்டது. மறவாமல் நிற்பது, ஓர் ஆயா நோயாளி ஒருவரின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவருடைய பாதத்தைத் தம் முழங்கால்மேல் எடுத்து வைத்துக்கொண்டு, புறங்கையால் உள்ளங்காலை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்த காட்சிதான். நரம்பு மரத்துப்போவதால் தொழுநோயாளிக்கு வலி தெரிவதில்லை. முள் தைத்தாலும் செருப்பின் ஆணி குத்தினாலும் அதே காலை ஊன்றி நடந்துகொண்டே இருப்பார். ஆயினும் புண் வெளியே திறப்பதற்குச் சில நாட்கள் முன்னதாகவே, உள்ளே நசுங்கிப்போன சதையுள்ள இடம் மற்ற இடங்களைவிடச் சூடாக இருக்கும். அந்தச் சூட்டைத்தான் அந்த அம்மாள் தேடிக்கொண்டிருந்தார். பெருவிரலின் அடிப்பக்கம் வந்ததும் கை நின்றது. “இங்க சுடுதும்மா” என்றார், பக்கத்தில் நின்ற நர்ஸிடம். நர்ஸ் தொட்டுப் பார்த்து வைத்தியரை அழைத்துவந்தார். வைத்தியரும் தொட்டுப் பார்த்து, காலை ஊன்றக் கூடாதென்று உத்தரவிட்டு, மாவுக்கட்டுக்கு எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு ஸ்திரீயின் புறங்கையிலிருந்து புறப்பட்ட செய்தி, இடையில் எங்கும் தடைப்படாமல், அரைமணி நேரத்துக்குள் வைத்தியரின் பேனாமுனை வரை போய்ச் சேர்ந்ததை நான் கண்ணால் கண்டேன். அப்படிப் போய்ச் சேருவது எவ்வளவு அபூர்வமான காரியம் என்பது பிற்பாடு உத்தியோகத்தில் அமர்ந்த பிறகே விளங்கியது.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கழிந்த வருஷங்களைப் பற்றி இங்கே விஸ்தரிக்க அவசியமில்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் குணமாகி வீடு திரும்புகிறார், அல்லது இறந்துபோகிறார். எதுவாயினும் அங்கே ஒரு முடிவு உண்டு, அந்த முடிவை நோக்கியே சகலரும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். பக்கவாதத்தால் படுத்தவர்கள், நினைவு மங்கியவர்கள், பிள்ளைகள் இருந்தும் இல்லாதவர்கள் ஆகியோரை வருஷக்கணக்கில் வைத்துப் பராமரிக்கும் இல்லத்தில் அப்படி ஓடுவதற்கு ஓர் இலக்குக் கிடையாது. நேற்றுப்போலவே இன்றும் குளிப்பாட்ட வேண்டும், ஊட்ட வேண்டும், புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், மலஜலம் துடைக்க வேண்டும். நேற்று நன்றாகச் செய்ததை இன்று யாரும் பாராட்டமாட்டார்கள். இன்று சற்று அசிரத்தையாகச் செய்தால் உடனே ஒன்றும் ஆகிவிடாது, பத்து நாள் கழித்தே முதுகுத் தண்டின் அடியில் ஒரு சிவப்பு தெரியும். இத்தகைய இடத்தில் வேலை செய்கிறவர்களின் சிரத்தை குன்றாமல் பாதுகாப்பதுதான் தலைமை என்பதைத் தம் நடத்தையாலேயே எனக்குக் கற்பித்த ஒருவரைப் பற்றி எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

தொண்ணூறுகளில் நான் விருப்ப ஓய்வு பெற்று, கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில் தர்ம ஸ்தாபனம் ஒன்று நடத்திவந்த முதியோர் இல்லத்தில் சேர்ந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலை இப்போதுள்ளபடி அகலமாவதற்கு முந்திய காலம் அது. சாலைக்கும் கடலுக்கும் நடுவே சவுக்குத் தோப்பும், தோப்புக்கு அப்பால் மீனவர் குப்பமும், எந்நேரமும் காற்றில் உப்பும் மணலுமாக இருந்த இடம். அந்த இல்லத்தின் பொறுப்பில் இருந்தவரைப் பெரியவர் முதல் சமையற்காரர் வரை எல்லாரும் ‘பெரிய சிஸ்டர்’ என்றே அழைத்தார்கள். அரசாங்க உத்தியோகத்தில் நர்ஸிங் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வாலிப வயதில் திருமணியிலும் சில காலம் வேலை பார்த்தவர் என்று அறிந்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. குள்ளமான உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, எப்போதும் மை நிரப்பிய பேனா. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

காலை ஏழு மணிக்கு இரவுப் பணியாளர்கள் பகல் பணியாளர்களுக்கு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். எங்கும் உள்ள வழக்கம் என்னவென்றால், இரவு நர்ஸ் பகல் நர்ஸிடம் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார். ஆயாமார் சற்றுத் தள்ளிச் சுவரோரம் நின்றுகொண்டு, கேட்டால் மட்டும் பதில் சொல்வார்கள், அநேகமாக யாரும் கேட்பதில்லை. பெரிய சிஸ்டர் வந்தபின் அந்த இல்லத்தில் எல்லாருக்கும் நீள பெஞ்சு போட்டார். ஆயாமாரும் உட்கார்ந்தே பேச வேண்டும் என்பது கட்டளை. நர்ஸ் வாய் திறப்பதற்கு முன்னால் அவர் ஆயாவைப் பார்த்துக் கேட்கும் முதல் கேள்வி என்றைக்கும் ஒன்றுதான்: “ராத்திரி யாரு தூங்கலம்மா?”

ஒரு நாள் காலையில் நடந்ததை எழுதுகிறேன். இரவு நர்ஸின் குறிப்பில் ஒரு பாட்டியைப் பற்றி, காய்ச்சல் இல்லை, நாடி சரி, ரத்த அழுத்தம் சரி, விசேஷம் ஏதுமில்லை என்று இருந்தது. குப்பத்திலிருந்து வேலைக்கு வரும் ஆயா ஒருவர், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே சொன்னார்: “தூங்கலங்க. சுவத்தாண்ட அவங்க அண்ணன் நிக்கறாரு, காப்பி குடுன்னாங்க. அண்ணன் செத்துப் பத்து வருசமாச்சுன்னு அவங்களே போன வாரம் எங்கிட்ட சொன்னாங்க. மூணு தரம் பெட்பேன் கேட்டாங்க, ரெண்டு சொட்டுதான் வந்துச்சு.”

“வயசாயிடுச்சு, புத்தி கொஞ்சம் அப்படித்தான்” என்றார் நர்ஸ். அவர் பேரில் குற்றமில்லை. வயதானவர் பிதற்றினால் வயதைக் காரணமாகச் சொல்வது உலக இயல்பு.

“போன வாரம் இருந்த புத்தி இந்த வாரம் எங்க போச்சு?” என்று கேட்டுவிட்டு, பெரிய சிஸ்டர் அப்போதே சிறுநீர்ப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். சிறுநீரில் கடுமையான தொற்று இருந்தது. முதியவர்களுக்கு உடம்பில் கிருமி ஏறினால் வாலிபர்களுக்குப்போல் ஜுரம் காய வேண்டுமென்பதில்லை. ஜுரமே இல்லாமல் திடீரென்று சித்தம் கலங்குவதே சில சமயம் முதல் அடையாளமாக இருக்கும். மருந்து கொடுத்துச் சில நாட்களில் பாட்டியின் அண்ணன் சுவரை விட்டுப் போய்விட்டார். வெப்பமானிக்குத் தெரியாத சங்கதி ஆயாவுக்குத் தெரிந்ததற்குக் காரணம் அவர் அந்தப் பாட்டியோடு தினந்தோறும் பேசியவர் என்பதுதான். நேற்று எப்படி இருந்தார் என்று அறிந்தவருக்கே இன்று மாறியிருப்பது தெரியும். அதை அறிந்தவர் அந்தக் கட்டடத்திலேயே குறைந்த சம்பளம் வாங்குகிறவர்.

இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்ற செவிலியர் தம் சகாக்களோடு வயோதிகர் வார்டுகளில் ஆராய்ந்து, படுக்கைப் புண் யாருக்கு வரக்கூடும் என்பதை முன்கூட்டியே கணிக்கும் அளவுகோல் ஒன்றை 1962-இல் வெளியிட்டார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், புரளும் சக்தி, மலஜலக் கட்டுப்பாடு என்ற ஐந்துக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண். கூட்டினால் உச்சம் இருபது. பதினான்கோ அதற்குக் கீழோ வந்தால் அபாயம். பெரிய நிபுணர்கள் வகுத்த எத்தனையோ சாஸ்திரங்களுக்கு நடுவில், நோயாளியின் அருகிலேயே நின்ற ஒரு செவிலியர் வகுத்தது என்பதால் எனக்கு அதன்பேரில் தனி மரியாதை உண்டு. பெரிய சிஸ்டர் அதைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியதோடு நிற்கவில்லை. எழுத்தறியாத ஆயாமாரும் மதிப்பெண் போட வேண்டுமென்று, ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு டம்ளரும் கைநிறையப் புளியங்கொட்டையும் கொடுத்தார். வாரத்துக்கு ஒரு தரம் ஆயா தம் அபிப்பிராயப்படி கொட்டைகளைப் போடுவார். நர்ஸ் தனியே தாளில் போடுவார். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் பெரிய சிஸ்டர் இருவரையும் கட்டிலருகே அழைத்துப் போய், போர்வையை விலக்கி, ஏன் என்று கேட்பார். ஆயாவின் டம்ளரே சரியாக இருந்த சந்தர்ப்பங்கள் அநேகம்.

கற்றதை மாற்றிக்கொள்வதிலும் அவருக்குத் தயக்கமில்லை. எங்கள் பயிற்சிக் காலத்தில், படுத்திருப்பவரின் முதுகும் குதிகாலும் சிவந்திருந்தால் ஸ்பிரிட்டும் பௌடரும் போட்டு நன்றாகத் தேய்க்க வேண்டுமென்று சொல்லிக்கொடுத்தார்கள். சிவந்த இடத்தைத் தேய்ப்பது உள்ளே நைந்த திசுவை இன்னும் சேதப்படுத்தும் என்று பிற்காலத்து ஆராய்ச்சிகள் காட்டின. நாற்பது வருஷப் பழக்கத்தை அவர் ஒரே நாளில் நிறுத்தினார். நிறுத்தச் சொன்னதோடு காரணத்தையும் ஆயாமாருக்கு விளக்கினார்: சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும், வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் சதை உள்ளே வேகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அந்தப் பக்கம் படுக்கவைக்கவே கூடாது. காரணம் தெரிந்தவள் யாரும் பார்க்காத நேரத்திலும் சரியாகச் செய்வாள் என்பது அவருடைய நம்பிக்கை. யாரும் பார்க்காத நேரம்தானே இந்த உத்தியோகத்தில் அதிகம்?

அங்கே ஓர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் இருந்தார். குளிப்பாட்டப் போனால் கையை உதறுவார், சில சமயம் அடிக்கவும் வருவார். முரட்டு சுபாவம் என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். ஒரு ஆண் உதவியாளர் மட்டும் ரிப்போர்ட் நேரத்தில் மெதுவாகச் சொன்னார், பனியனைக் கழற்றும்போதுதான் அவர் கோபப்படுகிறார், வேட்டிக்கு ஒன்றும் சொல்வதில்லை என்று. விசாரித்ததில், இளமையில் ஏற்பட்ட தீக்காயத்தின் வடு மார்பு முழுக்க இருந்தது. வாழ்நாளில் யார் முன்னாலும் அவர் திறந்த மார்போடு இருந்ததில்லை. அன்றுமுதல் பனியனோடு தண்ணீர் ஊற்றி, துண்டைப் போர்த்திக்கொண்டே ஈரப் பனியனை மாற்றினார்கள். உதறல் நின்றது. பெரிய சிஸ்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருந்த நோட்டில் அது ஏறியது; எந்தப் பக்கம் திரும்பித் தூங்குவார், காப்பிக்குச் சர்க்கரை எவ்வளவு, யார் பெயரைச் சொன்னால் அழுவார் என்பனவெல்லாம் அந்த நோட்டில் இருந்தன. ஒவ்வொரு குறிப்பின் கீழும் அதைச் சொன்ன ஆயாவின் பெயரையும் எழுதுவார்.

நிர்வாகக் குழுவில் கணக்குவழக்கில் வல்லவரான பெரியவர் ஒருவர், இரவில் எல்லாரும் தூங்கும் நேரத்தில் ஒரு தளத்துக்கு இரண்டு ஆயாமார் எதற்கு, ஒருவர் போதாதா என்ற யோசனையைக் கொண்டுவந்தார். பெரிய சிஸ்டர் பதில் கடிதம் எழுதவில்லை. ஓர் இரவு இல்லத்தில் தங்கிப் பார்க்கும்படி அவரை வேண்டிக்கொண்டார். அவரும் பெருந்தன்மையோடு வந்தார். இரவு இரண்டு மணிக்கு, பக்கவாதம் கண்ட கனத்த சரீரமுள்ள ஒரு பாட்டியைப் புரட்டும் முறை வந்தபோது, பெரிய சிஸ்டர் ஓர் ஆயாவை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, “நீங்க அந்தப் பக்கம் டிராஷீட்டைப் பிடியுங்க சார்” என்றார். தனியாள் இழுத்தால் மெத்தையோடு உராய்ந்து தோல் உரியும். இருவர் அடியில் விரித்த அந்தத் துணியோடு தூக்கினால் உரியாது. இதை அவர் வாயால் சொல்லவில்லை, சொல்ல அவசியமும் நேரவில்லை. அடுத்த கூட்டத்தில் அந்த யோசனை பேச்சுக்கே வரவில்லை. ஆனால் ஆயாமாரின் சம்பளத்தை உயர்த்த வேண்டுமென்று பெரிய சிஸ்டர் அதே கூட்டத்தில் வைத்த விண்ணப்பமும் நிறைவேறவில்லை. அதை அவர் வருஷந்தோறும் வைத்துக்கொண்டே இருந்தார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி சுமாருக்குச் சென்னையில் பலர் நில அதிர்வை உணர்ந்திருந்தார்கள் என்பதெல்லாம் பிறகு நாங்கள் அறிந்த செய்தி. எட்டரை மணியைத் தாண்டி, முன்னர்ச் சொன்ன அந்தக் குப்பத்து ஆயா கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், தோப்புக்கு அப்பாலிருந்து எழுந்த கூக்குரலைக் கேட்டு ஒரு கணம் நின்றார்; கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தார். “சிஸ்டர், கடல் உள்ள வருது. எல்லாரையும் மேல ஏத்தணும்.” சுனாமி என்ற வார்த்தையை அன்றைக்கு எங்களில் ஒருவரும் அறியோம். கடலாவது உள்ளே வருவதாவது என்று யாரோ சொன்னார். போலீஸுக்குப் போன் செய்து கேட்கலாமென்று இன்னொருவர் சொன்னார். பெரிய சிஸ்டர் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. “யாரை முதல்ல? நீ சொல்லு” என்றார்.

நடக்க முடிந்தவர்கள் முன்னால் படியேறினால் மெதுவாக ஏறி வழியை அடைத்துவிடுவார்கள், ஆகையால் தூக்க வேண்டியவர்களை முதலில் கொண்டுபோக வேண்டும் என்று அந்த அம்மாள் சொன்னார். படுத்தவர்களின் அடியில் கிடந்த டிராஷீட்டையே நான்கு மூலையிலும் நால்வர் பிடித்துத் தூக்கச் சொன்னார். யாருக்கு இடுப்பெலும்பு முறிந்தது, யாரை எந்தப் பக்கமாகத் தூக்கக் கூடாது என்று ஓடிக்கொண்டே சொன்னார். சமையற்காரர், தோட்டக்காரர், நர்ஸுகள், எழுபதைத் தாண்டிய பெரிய சிஸ்டர், நான் எல்லாரும் அவர் சொன்ன இடத்தில் சொன்ன மூலையைப் பிடித்தோம். கடைசித் தாத்தாவைத் தோளில் சாய்த்துப் படியேற்றிக்கொண்டிருக்கையில் சவுக்குத் தோப்புக்குள் தண்ணீர் நுழைந்து, மரங்களுக்கிடையே கட்டுமர மரங்களும் வலைகளும் மிதந்துவர, கீழ்த்தளத்தில் முழங்கால் உயரத்துக்கு நின்று, பிறகு பின்வாங்கிற்று. இல்லத்தில் ஒருவருக்கும் சேதமில்லை. அந்தக் கரை நெடுகிலும், தெற்கே கல்பாக்கம் வரையிலும் அன்று போன உயிர்களை நினைக்கும்போது இதைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. அந்த ஆயா தம் வீட்டைப் பார்க்கப் போனது மத்தியானத்துக்குப் பிறகு. பிள்ளைகள் சாலைக்கு ஓடிவந்து தப்பியிருந்தார்கள். வீட்டில் இரண்டு சுவர்கள் நின்றன.

அன்றிரவு இல்லத்தின் பதிவேட்டில், ‘இன்றைய பொறுப்பு’ என்று அச்சிட்ட கட்டத்தில், வழக்கமாகத் தம் பெயரை எழுதும் பெரிய சிஸ்டர், அந்த ஆயாவின் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார்.

பெரிய சிஸ்டர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. அவர் போன பிறகு உலகம் நெடுங்காலப் பராமரிப்பு விஷயத்தில் சற்றுக் கண் திறந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். 1993-இல் சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரு இளம் பெண்கள் தொடங்கிய ‘தி பான்யன்’ ஸ்தாபனத்தார், 2015 முதல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற பெயரில், மனநோயால் நெடுங்காலம் விடுதியிலேயே கிடந்தவர்களை நாலைந்து பேராகச் சாதாரண வாடகை வீடுகளில், ஊருக்கு நடுவே, உதவியாளர்களின் துணையோடு குடியமர்த்தி வருகிறார்கள். எங்கள் கோவளத்துப் பக்கத்திலும் அவர்கள் பணி உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட சமூக மனநலச் சேவை வழிகாட்டியில் அது எடுத்துக்காட்டாகக் காட்டப்பட்டிருக்கிறது. கொரோனாவின் முதல் அலையில் பராமரிப்பு இல்லங்களில் ஏராளமான முதியோரை இழந்த இங்கிலாந்து, 2020 டிசம்பரில், ஆஸ்பத்திரிகளுக்கு வெளியே வயதுவந்தோரைப் பராமரிக்கும் துறைக்கென்றே ஒரு தலைமைச் செவிலியரை முதன்முதலாக நியமித்தது. டெபோரா ஸ்டர்டி என்ற அம்மையார் அந்தப் பதவிக்கு வந்தார். நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, படுத்த படுக்கையாக இருப்பவரின் வீட்டுக்கே நோய்த்தணிப்புச் செவிலியரையும் இயன்முறை மருத்துவரையும் அனுப்புகிறது. 2011 ஜனத்தொகைக் கணக்கிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள் என்று இருக்கும்போது, இவையெல்லாம் காலத்தில் செய்யத் தொடங்கிய காரியங்கள்.

ஆயினும் என் மனத்தில் ஒரு குறை தீரவில்லை. 1926-இலேயே சென்னை மாகாணத்தில் செவிலியருக்கும் மருத்துவச்சிகளுக்கும் சட்டம் வந்தது. 1947-இல் இந்திய நர்ஸிங் கவுன்சில் சட்டம் வந்தது. எங்களுக்கெல்லாம் பதிவு உண்டு, எண் உண்டு, பதவி உயர்வு உண்டு. ஆயாவுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. இருபது வருஷம் வேலை செய்தவரும் நேற்று வந்தவரும் ஒரே பெயரால் அழைக்கப்படுகிறார்கள், கிட்டத்தட்ட ஒரே கூலி வாங்குகிறார்கள். அவர்கள் அறிந்திருப்பது அறிவே அல்ல என்று நாம் சம்பளப் பட்டியலில் எழுதிவைத்திருக்கிறோம் என்றே இதற்குப் பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தக் குப்பத்து ஆயாவின் மகள் நர்ஸிங் படித்தாள். படிப்புச் செலவில் ஒரு பகுதியைப் பெரிய சிஸ்டர் தம் பென்ஷனிலிருந்து கொடுத்தார். இப்போது அவள் திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் பொறுப்பில் இருக்கிறாள். சென்ற பொங்கலுக்கு என்னைப் பார்க்கச் செங்கற்பட்டுக்கு வந்தவள், கரும்பையும் வாழைப்பழத்தையும் வைத்துவிட்டு, முகம் வாடி உட்கார்ந்தாள். நல்ல ஆயாமார் இருவர் ஒரகடம் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகப்போவதாகச் சொல்லிவிட்டார்களாம்.

“அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது பெரியம்மா. அங்க பி.எஃப். இருக்கு, கம்பெனி பஸ் தெருமுனைக்கே வருது. எட்டு மணி நேரம் ஆனா வேலை முடிஞ்சிடுது.”

“போறதுக்கு முன்னால அவங்களை உட்கார வெச்சுக் கேட்டியா?” என்றேன்.

கேட்டிருந்தாள். ஒரு மத்தியானம் முழுவதும் இருவரையும் பேசவிட்டு, தங்கள் கையால் பராமரித்த ஒவ்வொருவரைப் பற்றியும் அவர்கள் சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருந்தாள். நோட்டில் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. அதைப் பக்கம் பக்கமாக நான் வாசித்தேன். விழுங்கும்போது இருமுகிற தாத்தாவுக்குத் தலையை எவ்வளவு குனியவைத்து ஊட்ட வேண்டும், பேச்சில்லாத பாட்டி வலி வந்தால் எந்த விரலைச் சொடுக்குவாள் என்பவையெல்லாம் இருந்தன. எந்தக் கல்லூரியிலும் கிடைக்காத பாடம் அது. அதையே நிர்வாகக் குழுவின்முன் வாசித்துக் காட்டி, இந்த இருவரும் போனால் இல்லத்தை விட்டு என்னென்ன போகும் என்று கேட்கும்படி சொன்னேன். வருங்கால வைப்பு நிதி, வார விடுமுறை, வேலை செய்த வருஷத்துக்கேற்ற சம்பள உயர்வு ஆகிய மூன்றையும் கேட்டு ஒரு விண்ணப்பமும் இருவருமாகச் சேர்ந்து எழுதினோம்.

குழுவினர் பொறுமையாகக் கேட்டார்களாம். வைப்பு நிதிக்கும் வார விடுமுறைக்கும் உடனே இணங்கினார்கள். சம்பளத்தை மட்டும் வருஷக் கணக்கு முடிந்த பிறகு ஏப்ரலில் பார்க்கலாம் என்றார்கள். ஆயாமாரில் ஒருவர் தங்கிவிட்டார், மற்றவர் போய்விட்டார். ஏப்ரல் கூட்டத்துக்கு நானும் வருவதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன். தங்கிய ஆயாவையும் கூட்டத்தில் உட்காரவைத்து, அவரையே முதலில் பேசவிட வேண்டும் என்று குழுவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம்.